கேட்டறிந்த காலம் – 12: தாளம் போட்ட கைக்குப் பெயர் என்ன?

சென்ற இதழில் பூளவாடியில் நின்றோம். 1899இல் அந்தச் சிற்றூரில் பிறந்து, நாடகத்துக்குப் பாட்டுக் கட்டி, சினிமாவுக்குப் போய், 1981இல் மறையும்வரை ஊர்ப்பெயரைத் தன் பெயருக்கு முன்னால் வைத்திருந்த உடுமலை நாராயண கவியின் கதையைப் பார்த்தோம். உடுமலைப்பேட்டை எந்தத் திசையில் இருக்கிறது என்றே அறியாத ஊர்களிலும் அவர் பெயரால் இவ்வூர் அறியப்பட்டது. அந்தப் பெயரை ஊர் ஊராகக் கொண்டுசேர்த்தது கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கம், நடித்தவர்கள், பாட்டு, பாட்டெழுதியவர், இசையமைத்தவர் எல்லாம் அந்த மெல்லிய புத்தகத்தில் இருந்தன.

தபேலா வாசித்தவர் பெயர் அதில் இல்லை. டிரம்ஸ், டிரம்பெட், பேஸ் கிதார் வாசித்தவர்களின் பெயரும் இல்லை.

விடுபட்ட அந்தப் பெயர்களைப் பற்றியது இந்த அத்தியாயம். சோல், ஜாஸ், டிரம் அண்ட் பேஸ் என்ற மூன்று இசை வகைகளின் ஆல்பங்களை எடுத்துக்கொள்கிறேன். மூன்றும் கடல் கடந்து பிறந்தவை. ஆனால் அவற்றின் வரலாற்றைத் தாளக்காரர்கள் வழியாகப் படித்தால் மதராஸ், மானாமதுரை, யாழ்ப்பாணம், கோடம்பாக்கம் என்று நம் ஊர்கள் குறுக்கே வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு நல்ல ஆல்பத்தைக் கண்டடைவது என்றால் அதில் வாசித்த ஒருவரின் பெயரைக் கண்டடைவதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதற்கான சான்றுகளைக் காலவரிசையில் வைக்கிறேன்.

அட்டை தொலைந்த கதை

கொங்கு நாட்டில் இசைத்தட்டு பெரும்பாலும் வீடுகளில் இருக்கவில்லை. மைக்செட்காரர்களிடம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பி என்று எங்கே விசேஷம் என்றாலும் மரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறும். விடியலில் பக்திப் பாட்டு, பிறகு சினிமாப் பாட்டு. தட்டு மைக்செட்காரரின் பெட்டியில் இருக்கும்; அதன் அட்டையைப் பார்க்கிற வாய்ப்பு பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்த பையன்களுக்கு மட்டும் கிடைத்தது.

எழுபதுகளின் கடைசியிலிருந்து காஸெட் பரவியது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போய்த் திரும்பியவர்கள் கொண்டுவந்த டேப் ரெக்கார்டர்கள் தெருவுக்கு ஒன்றிரண்டு ஆயின. ஊருக்கு ஊர் பதிவுக் கடைகள் முளைத்தன. வெள்ளைத்தாளில் பாட்டு வரிசையை எழுதி, வெற்று காஸெட்டோடு கொடுத்துவிட்டு வந்தால், கடைக்காரர் எல்பி தட்டிலிருந்து ஏற்றி வைத்திருப்பார். விருப்பப்பட்ட பாட்டை விருப்பப்பட்ட வரிசையில் கேட்கிற உரிமை முதன்முதலாகச் சிற்றூர்க்காரர்களுக்குக் கிடைத்தது அப்போதுதான். அது பெரிய விடுதலை. ஆனால் பாட்டு மட்டும் வீட்டுக்கு வந்தது, அட்டை கடையிலேயே நின்றுவிட்டது.

அதன்பின் ஒரே தகட்டில் நூறு நூற்றைம்பது பாட்டுகளை அடைத்த எம்பி3 சிடி வந்தது. பல பாட்டுகளுக்குத் தலைப்புகூட இருக்காது; வெறும் எண்தான். இன்று கைபேசியில் உலகத்து இசை முழுவதும் கிடைக்கிறது. வாசித்தவர் யார் என்று அறிய நாலைந்து இடம் தொட்டுத் தேட வேண்டியிருக்கிறது. ஊடகம் மாறிய ஒவ்வொரு முறையும் இசை எளிதாக வந்தது, பெயர் விலகிப் போனது.

சினிமாப் பாட்டுக்கு இதனால் பெரிய நட்டமில்லை. படத்தின் பெயர் என்ற பிடி அதற்கு இருக்கிறது. நாயகன், நாயகி, காட்சி என்று நினைவில் வைக்க வழி இருக்கிறது. ஜாஸ் ஆல்பத்துக்குக் கதையும் இல்லை, காட்சியும் இல்லை. வாசித்தவர்களின் பெயர்தான் அதற்குப் பிடி. அந்தப் பிடி இல்லாமல் வந்த காரணத்தால்தான் நம் ஊர்களில் ஜாஸ் என்பது இங்கிலீஷ் பாட்டு என்ற ஒரே மூட்டைக்குள் போய்விட்டது.

மதராஸ், 1958

1958இல் அமெரிக்க வெளியுறவுத் துறை, பியானோ கலைஞர் டேவ் புரூபெக்கின் நால்வர் குழுவை நீண்ட பயணத்துக்கு அனுப்பியது. பனிப்போர்க் காலம், ஜாஸ் கலைஞர்களைத் தூதர்கள்போல நாடு நாடாக அனுப்பிக்கொண்டிருந்தார்கள். போலந்து, துருக்கி, இந்தியா, இலங்கை என்று சென்ற அந்தக் குழு மதராஸுக்கும் வந்தது. அதன் டிரம்ஸ் கலைஞர் ஜோ மொரெல்லோ. பிறந்ததிலிருந்தே கண்பார்வை குறைந்தவர். பியானோ, சாக்ஸபோன், பேஸ் மூன்றும் எங்கே போனாலும் கணக்குத் தவறாமல் ஏந்திப் பிடிக்கிற கை.

மதராஸில் அவர் எதிரே உட்கார்ந்தவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை. பாலக்காடு மணி ஐயர், ராமநாதபுரம் முருகபூபதி இருவரோடும் சேர்த்து மிருதங்க மும்மூர்த்திகள் என்று போற்றப்பட்டவர். புதுக்கோட்டை வழியில் வந்தவர். இடக்கைக்காரர் என்பதால் மேடையில் எந்தப் பக்கம் உட்காருவது என்பதே அவருக்குச் சிக்கலானது. செம்பை வைத்தியநாத பாகவதர் அவருக்குத் துணையாக நின்றார். தொப்பியில் அவர் எழுப்பிய கும்காரத்தைக் கேட்டவர்கள் இன்றும் அதைப் பேசுகிறார்கள். நியூயார்க் மேடைகளில் வாசித்த டிரம்ஸ்காரரும் புதுக்கோட்டை மரபின் மிருதங்கக்காரரும் மதராஸில் சேர்ந்து வாசித்தார்கள். இருவருக்கும் பொதுமொழி கிடையாது. கணக்கு இருந்தது.

அடுத்த ஆண்டு, 1959இல், அதே குழு வெளியிட்ட ‘டைம் அவுட்’ ஜாஸ் வரலாற்றின் பெரும் வெற்றிகளில் ஒன்று. அதில் உள்ள ‘டேக் ஃபைவ்’ ஐந்து அட்சரக் கணக்கில் அமைந்தது. நம் கண்ட சாப்பு இரண்டும் மூன்றுமாகப் பிரியும்; இது மூன்றும் இரண்டுமாகப் பிரிகிறது. மொரெல்லோ விளையாட்டாக வாசித்துவந்த ஐந்தின்மேல்தான் சாக்ஸபோன் கலைஞர் பால் டெஸ்மண்ட் மெட்டைக் கட்டினார். நடுவில் வருவது மொரெல்லோவின் தனி. நம் ஊர்க் கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு அந்தத் தனியை யாரும் விளக்க வேண்டியதில்லை. கை தானாகத் தாளம் போடும்.

இந்த ஐந்து மதராஸிலிருந்து போனது என்று பெருமை பேச இடமில்லை. ஒற்றைப்படைக் கணக்கின்மேல் புரூபெக்குக்கு ஆசை மூட்டியவர்கள் துருக்கித் தெருவில் ஒன்பது அட்சரத்தில் வாசித்தவர்கள். அதே ஆல்பத்தின் முதல் பாட்டு அங்கிருந்து வந்தது. நான் இங்கே சொல்ல வருவது வேறு. ‘டைம் அவுட்’ அட்டையின் பின்புறத்தைத் திருப்பினால் நால்வரின் பெயரும் இருக்கிறது: புரூபெக், டெஸ்மண்ட், மொரெல்லோ, யூஜின் ரைட். பேஸ் வாசித்த ரைட்டும் டிரம்ஸ் வாசித்த மொரெல்லோவும் மற்ற இருவரோடு ஒரே வரிசையில் நிற்கிறார்கள். ஜாஸ் தட்டுகளில் இது வழக்கமாகவே இருந்தது. எந்த நாளில், எந்த ஸ்டூடியோவில், யார் யார் வாசித்தார்கள் என்று எழுதி வைத்தார்கள். ரசிகர்கள் ஒரு தட்டில் கண்ட டிரம்ஸ்காரரை அடுத்த தட்டில் தேடிப் போனார்கள். ஜாஸ் என்ற காட்டுக்குள் ரசிகன் நடந்த ஒற்றையடிப் பாதை அட்டையின் பின்புறத்தில்தான் தொடங்கியது.

டெட்ராய்ட்டின் நிலவறை

சோல் இசைக்கு அந்த மரியாதை உடனே கிடைக்கவில்லை. கறுப்பின அமெரிக்கர்களின் தேவாலயப் பாட்டும் புளூஸும் கலந்து ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் திரண்டது சோல். அதன் பெரிய நிறுவனமான மோட்டவுன் 1959இல் டெட்ராய்ட்டில் பெரி கோர்டி தொடங்கியது. அந்த நகரம் கார்த் தொழிற்சாலைகளின் நகரம். கோர்டியே கார் ஆலையில் வேலை பார்த்தவர். ஒரு சாதாரண வீட்டை வாங்கி ஸ்டூடியோ ஆக்கினார். உள்ளே ஒரு நிரந்தரக் குழு வாசித்தது. தங்களை ‘ஃபங்க் பிரதர்ஸ்’ என்று அழைத்துக்கொண்டார்கள். சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஸ்டீவி வொண்டர் என்று பாடகர்கள் மாறினாலும் பின்னால் வாசித்தது இவர்கள்தான்.

அந்தக் குழுவின் பேஸ் கிதார் ஜேம்ஸ் ஜேமர்சன். ஒற்றை ஆள்காட்டி விரலால் தந்தியை மீட்டி, பாட்டின் அடித்தளத்தையே இன்னொரு பாட்டாக ஆக்கியவர். அறுபதுகளில் உலகமே முணுமுணுத்த மெட்டுகளில் அவர் விரல் இருந்தது. தட்டுகளில் அவர் பெயர் இல்லை. 1971இல் மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ ஆல்பம் வந்தபோதுதான் மோட்டவுன் அட்டையில் வாசித்தவர்களின் பெயர்கள் முதன்முறையாக அச்சாயின. வியட்நாம் போர், வறுமை, சீரழியும் சுற்றுச்சூழல் ஆகியவற்றைப் பாடிய ஆல்பம் என்று அதை உலகம் கொண்டாடுகிறது. பின்னால் வாசித்தவர்களை முன்னால் கொண்டுவந்தது என்பதற்காகவும் அதைக் கொண்டாட வேண்டும். ஜேமர்சன் 1983இல் இறந்தார். அவர் கதையை உலகம் விரிவாக அறிய 2002இல் ஃபங்க் பிரதர்ஸ் பற்றிய ஆவணப்படம் வரவேண்டியிருந்தது.

இதைப் படிக்கும்போது கோடம்பாக்கம் நினைவுக்கு வராமல் இருக்காது. எம்.எஸ். விஸ்வநாதனுக்கு வாசித்த நோயல் கிரான்ட், இளையராஜாவுக்கு டிரம்ஸ் வாசித்த புருஷோத்தமன், பேஸ் கிதார் வாசித்த சசி, கிதார் சதானந்தம், கீபோர்டு விஜி மேனுவல். எண்பதுகளின் இளையராஜா பாட்டுகளில் பேஸ் கிதார் ஓடுகிற ஓட்டத்தைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாம். அந்தக் காதோடு ஜேமர்சனைக் கேட்டால் முதல் நிமிடத்திலேயே உறவு பிடிபடும். இளையராஜாவும் பின்னாளில் ரகுமானும் மயிலாப்பூர் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தவர்கள். பாடம் ஒரே அறையிலிருந்து வந்தது. வாசித்தவர்கள் பெயர் மட்டும் ஒரு தலைமுறைக்காலம் தட்டில் ஏறவில்லை.

மானாமதுரை மண்ணும் கிதாரும்

பெயர் ஏறிய இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவில் நடந்தது.

ஜான் மெக்லாஃப்லின் இங்கிலாந்தில் பிறந்த கிதார் கலைஞர். ஜாஸின் போக்கையே மாற்றிய மைல்ஸ் டேவிஸின் ‘இன் எ சைலன்ட் வே’, ‘பிச்சஸ் புரூ’ இரண்டிலும் வாசித்தவர். மின்கிதாரின் உச்சத்தில் இருந்தபோது அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் எஸ். ராமநாதனிடம் வீணை கற்கப் போனார். அந்தப் பாடம் அவரைச் ‘சக்தி’ என்ற குழுவுக்குக் கொண்டுவந்தது. வயலினில் எல். சங்கர், மதராஸில் பிறந்து, தந்தை லட்சுமிநாராயணா இசை கற்பித்த யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர். தபேலாவில் ஜாகிர் உசேன். மிருதங்கத்தில் ராமநாதபுரம் ராகவன். கடத்தில் டி.எச். விநாயக்ராம், ‘விக்கு’ என்று இசையுலகம் அழைக்கும் பெயர். சென்னையில் தாளவாத்தியப் பள்ளி நடத்திய ஹரிஹர சர்மாவின் மகன்.

1975 ஜூலை 5 அன்று நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் ஒரு கல்லூரியில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து, 1976இல் கொலம்பியா நிறுவனம் முதல் ஆல்பமாக வெளியிட்டது. முதல் உருப்படி பதினெட்டு நிமிடம். மின்கிதார் கிடையாது. ஒத்துத் தந்திகள் பூட்டிய மரக்கிதார், வயலின், தோல், மண். அப்படி ஒரு வேகத்தை மின்சாரம் இல்லாமல் எட்ட முடியும் என்று மேற்கத்திய ரசிகர்கள் எதிர்பார்க்கவில்லை. ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி’, ‘நேச்சுரல் எலிமென்ட்ஸ்’ என்று மேலும் இரண்டு ஆல்பங்கள் வந்தன.

கடம் நம் கச்சேரியில் உபபக்கவாத்தியம். பாடகருக்குப் பின்னால், மிருதங்கத்துக்குத் துணையாக, நேரம் இருந்தால் தனியில் ஒரு பங்கு. மானாமதுரைக் குயவர்கள் பக்குவம் பார்த்துப் பிசைந்து, தட்டித் தட்டிச் சமமாக்கி, சூளையிலிட்டு எடுக்கிற பானை அது. சக்தியின் அட்டையில் அந்தப் பானைக்காரரின் பெயர் கிதார் நட்சத்திரத்தின் பெயருக்குப் பக்கத்தில் அச்சானது. மேடையிலும் அவர் மற்றவர்களோடு ஒரே வரிசையில் உட்கார்ந்தார். விக்குவின் பெயரைப் பிடித்துக்கொண்டு போன ரசிகர்கள் 1991இல் மிக்கி ஹார்ட்டின் ‘பிளானட் டிரம்’ வரை வந்தார்கள். உலக இசைக்கான முதல் கிராமி விருது அந்த ஆல்பத்துக்குத்தான். அவர் மகன் செல்வகணேஷ் கஞ்சிராவோடு பின்னாளில் சக்தியில் சேர்ந்தார். மெக்லாஃப்லினும் செல்வகணேஷும் கொன்னக்கோல் கற்பிக்கும் ஒளிப்பதிவே வெளியிட்டிருக்கிறார்கள். நம் தகதிமியை உலகத்து டிரம்ஸ் மாணவர்கள் அதைப் பார்த்துச் சொல்லிப் பழகுகிறார்கள். சக்தியின் ‘திஸ் மொமென்ட்’ 2024இல் கிராமி வாங்கியது. பெயர் எழுதப்பட்டால் ஒரு வாத்தியம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இதைவிடச் சான்று எனக்குத் தெரியாது.

ஆறேழு வினாடியின் கதை

பெயர் எழுதப்படாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று உண்டு.

1969இல் வாஷிங்டனைச் சேர்ந்த ‘தி வின்ஸ்டன்ஸ்’ என்ற சோல் குழு ‘கலர் ஹிம் ஃபாதர்’ என்ற பாட்டை வெளியிட்டது. தன் குழந்தைகள் அல்லாத பிள்ளைகளைத் தன் பிள்ளைகளாக வளர்க்கும் ஒரு மனிதனைப் பற்றிய பாட்டு. நன்றாக ஓடியது, அதை எழுதிய ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு கிராமி விருதும் வாங்கித் தந்தது. தட்டின் மறுபக்கத்தை நிரப்ப ஒரு வாத்திய உருப்படி வேண்டியிருந்தது. தேவாலயப் பாட்டு ஒன்றைத் தழுவி ‘ஆமென், பிரதர்’ என்று ஒன்றை வாசித்துச் சேர்த்தார்கள். அதன் நடுவே மற்றவர்கள் நிறுத்த, டிரம்ஸ் மட்டும் நாலு ஆவர்த்தம் தனியாக வருகிறது. ஆறேழு வினாடிதான். வாசித்தவர் கிரிகரி கோல்மன். கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்த குழு என்பதால் தெற்கே மேடை கிடைப்பது பாடாக இருந்தது. 1970இல் குழு கலைந்தது.

1986இல் டிஜேக்களுக்காக நியூயார்க்கில் தொகுத்த பழைய தட்டு வரிசை ஒன்றில் அந்த உருப்படி மீண்டும் வந்தது. அப்போதுதான் சாம்ப்ளர் என்ற கருவி பரவத் தொடங்கியிருந்தது. எந்தத் தட்டிலிருந்தும் சில வினாடியை வெட்டியெடுத்து, திரும்பத் திரும்ப ஓட விட்டு, துண்டுகளை இடம் மாற்றி அடுக்கலாம். ஹிப்ஹாப் கலைஞர்கள் கோல்மனின் நாலு ஆவர்த்தத்தை எடுத்தாண்டார்கள். பிறகு அது அட்லாண்டிக் கடலைத் தாண்டியது.

லண்டனில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கரீபியத் தீவுகளிலிருந்து குடியேறியவர்களின் பிள்ளைகளும் உழைக்கும் வர்க்கத்து வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து கைவிடப்பட்ட கிடங்குகளிலும், உரிமம் இல்லாத வானொலிகளிலும் புதிய இசை ஒன்றை உருவாக்கினார்கள். முதலில் ‘ஜங்கிள்’, பிறகு ‘டிரம் அண்ட் பேஸ்’. கோல்மன் நிமிடத்துக்குச் சுமார் 136 அடி வேகத்தில் வாசித்ததை 170 வரை ஏற்றினார்கள். அதைத் துண்டு துண்டாக நறுக்கி, எந்த மனிதக் கையும் வாசிக்க முடியாத வரிசையில் கோத்தார்கள். அடியில் ஜமைக்கா இசையிலிருந்து வந்த கனத்த பேஸ் பாதி வேகத்தில் நகர்கிறது. கர்நாடக இசை கேட்பவர்களுக்கு இதைச் சொல்வது எளிது: பேஸ் முதல் காலத்தில் போகிறது, டிரம்ஸ் இரண்டாம் காலத்தில் போகிறது, இரண்டும் சமத்தில் சந்திக்கின்றன. முதல்முறை கேட்கும்போது இரைச்சலாகத் தெரிந்தால் டிரம்ஸை விட்டுவிட்டு பேஸோடு தாளம் போடுங்கள். சில நிமிடத்தில் மேலே நடக்கும் வேலைப்பாடு தெளியும்.

கோல்மனின் ஆறேழு வினாடி ஆயிரக்கணக்கான பாட்டுகளில் இருக்கிறது. அதற்காக அவருக்கு ஒரு காசு வரவில்லை. வீடு வாசல் இல்லாத நிலையில் 2006இல் அட்லாண்டாவில் இறந்தார். ஸ்பென்சருக்கே 1996இல்தான் விஷயம் தெரியவந்தது. 2015இல் பிரிட்டனில் இரண்டு டிஜேக்கள் ரசிகர்களிடம் நிதி திரட்டி, சுமார் 24,000 பவுண்டை ஸ்பென்சரிடம் சேர்த்தார்கள். கோல்மன் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. ஜேம்ஸ் பிரவுனின் ‘ஃபங்கி டிரம்மர்’ பாட்டில் வாசித்த கிளைட் ஸ்டபிள்ஃபீல்டின் கதையும் இதே ஜாடைதான். அவர் தாளமும் எண்ணற்ற பாட்டுகளில் இருக்கிறது, உரிமைத்தொகை அவருக்குச் சேரவில்லை.

ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ஒரு பம்பாய்

லண்டனின் ஹாக்ஸ்டன் சதுக்கத்தில் ‘புளூ நோட்’ என்ற கிளப் இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் ஞாயிற்றுக்கிழமை இரவுகளில் அங்கே கோல்டியின் ‘மெட்டல்ஹெட்ஸ்’ நடக்கும். ‘டைம்லெஸ்’ என்ற 1995 ஆல்பத்தின் மூலம் டிரம் அண்ட் பேஸை நிலவறையிலிருந்து வெளியே கொண்டுவந்தவர் கோல்டி. திங்கட்கிழமை இரவுகளில் அதே கிளப்பில் ‘அனோகா’. அதை நடத்தியவர் தல்வின் சிங். லண்டனில் பிறந்து, பஞ்சாபுக்கு வந்து தபேலா கற்றுத் திரும்பியவர். வகுப்பில் கேலிக்குள்ளான தெற்காசியப் பிள்ளைகள் தங்கள் வீட்டுத் தாளத்தையும் தெருவின் தாளத்தையும் ஒரே இரவில் கேட்ட இடம் அது.

1997இல் ‘அனோகா’ இரவுகளின் தொகுப்பு ஆல்பமாக வெளிவந்தது. டிரம் அண்ட் பேஸ் துடிக்கும் அந்த ஆல்பத்தின் நடுவே நாம் எல்லாரும் அறிந்த ஒரு இசை வருகிறது: ‘பம்பாய்’ படத்துக்காக ஏ.ஆர். ரகுமான் அமைத்த தீம். நவீனின் புல்லாங்குழல். கோடம்பாக்கத்தில் பதிவான தமிழ்ப்பட இசை லண்டன் அண்டர்கிரவுண்ட் ஆல்பத்தில் இடம்பெற்றது. தல்வின் சிங்கின் ‘ஓகே’ ஆல்பம் 1999இல் பிரிட்டனின் மெர்க்குரி பரிசை வென்றது. 1997இல் அதே பரிசு ரோனி சைஸின் டிரம் அண்ட் பேஸ் ஆல்பமான ‘நியூ ஃபார்ம்ஸ்’ஸுக்குக் கிடைத்திருந்தது.

நவீன் என்ற பெயர் நமக்கு எப்படித் தெரியும்? ரகுமான் தன் ஆல்பங்களின் உள்தாளில் புல்லாங்குழல் யார், பேஸ் யார், டிரம்ஸ் யார் என்று அச்சிட்டதால் தெரியும். நவீன், கீத் பீட்டர்ஸ், சிவமணி என்ற பெயர்கள் வீட்டு அலமாரிக்குள் வந்தது அந்தச் சின்னத் தாளின் வழியாக. பாட்டுப் புத்தகம் செய்யாமல் விட்ட வேலையைக் காஸெட் உறையின் உள்தாள் செய்தது. 1997இல் வந்த ‘இருவர்’ படத்தின் ஜாஸ் பாட்டுகளைக் கேட்டு, இதுபோல இன்னும் எங்கே கிடைக்கும் என்று தேடப் போன பிள்ளைகள் உண்டு என்றால், தேடுவதற்கு ஒரு நுனி அவர்கள் கையில் இருந்தது.

2007இல் மாதங்கி அருள்பிரகாசம் என்ற எம்.ஐ.ஏ.வின் ‘கலா’ வந்தது. தாயின் பெயரை ஆல்பத்துக்குச் சூட்டிய ஈழத்துப் பெண். முதல் பாட்டில் ‘தளபதி’ படத்தின் தாளம் ஒலிக்கிறது. ஆல்பத்தின் வேலையில் ஒரு பகுதி சென்னையில் நடந்தது. உருமியின் உறுமல் அதில் இருக்கிறது. சோலும் ஜங்கிளும் கேட்டு வளர்ந்த லண்டன் காது உருமியைத் தேடி வந்தது என்பதில் வியப்பில்லை. தோலை வளைகுச்சியால் உரசி எழுப்பும் அந்த அடிநாதம், டிரம் அண்ட் பேஸின் பேஸுக்கு நெருங்கிய உறவு.

நம் பங்கு

இனி உடுமலைக்குத் திரும்புவோம். திருமூர்த்தி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பொங்கலுக்குச் சலகெருது ஆட்டம் நடக்கும்போது உருமி ஒலிக்கிறது. தேவராட்டத்துக்குத் தேவதுந்துமி. கொங்கு முழுவதும் ஜமாப். பங்குனியில் மாரியம்மன் தேர் நகரும்போது தெரு முழுக்கத் தாளம். இவற்றை இன்று ஆயிரம் கைபேசிகள் படம்பிடிக்கின்றன. ஏற்றப்படும் காணொளிகளில் ஊர்ப்பெயர் இருக்கும், திருவிழாப் பெயர் இருக்கும். வாசித்தவர் பெயர் பெரும்பாலும் இருக்காது. ஒருவர் அந்தத் தாளத்தை வெட்டியெடுத்துத் தன் பாட்டில் வைத்தால், நாளை யாரைக் கேட்பது, யாருக்குத் தொகை சேர்ப்பது? கோல்மனுக்கு நடந்தது நம் தெருவில் நடக்க எல்லா வழியும் திறந்து கிடக்கிறது.

ஆகவே இந்தத் தொடரின் வாசகர்களிடம் இரண்டு கோரிக்கைகள் வைக்கிறேன். ஒன்று, கேட்பதற்கு. ‘டைம் அவுட்’டில் மொரெல்லோவையும், ‘வாட்ஸ் கோயிங் ஆன்’னில் ஜேமர்சனையும், சக்தியின் முதல் ஆல்பத்தில் விக்குவையும், ‘ஆமென், பிரதர்’இல் கோல்மனையும், ‘அனோகா’வில் நவீனையும் இந்த வரிசையில் கேளுங்கள். முதல்முறை பாட்டாகக் கேளுங்கள். இரண்டாம்முறை அந்த ஒருவரை மட்டும் பின்தொடருங்கள். பிடித்துப்போன பெயர் வேறு எந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று தேடுங்கள். அடுத்த ஆல்பத்தை யாரும் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியிருக்காது.

இரண்டு, எழுதுவதற்கு. உங்கள் ஊர் நோம்பியில் வாசிக்கும் குழுவைப் படம்பிடித்தால், வாசித்தவர்களிடம் போய்க் கேட்டு, அவர்கள் இசைவோடு ஒவ்வொருவர் பெயரையும், வாத்தியத்தையும், நாளையும் காணொளியின் கீழே எழுதுங்கள். உடுமலை நாராயண கவிக்கு இந்த ஊரில் மணிமண்டபம் இருக்கிறது. பாட்டெழுதியவரை நினைக்கத் தெரிந்த ஊர் தாளம் போட்டவரையும் நினைக்கும். அதற்கு முதலில் அவர் பெயர் எங்காவது எழுதப்பட்டிருக்க வேண்டும்.

அடுத்த இதழில்: படம் இல்லாமல் பாட்டு நிற்குமா என்ற கேள்விக்கு 1986இல் இளையராஜா ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தின் மூலம் சொன்ன பதில்.

(தொடரும்)